ஒரு நாளைக்கு இரண்டு நகங்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மழையின்போது எங்கள் சுந்தரி வலது முன்காலை ஊன்றாமல் நடக்கத் தொடங்கினாள். 14 வயதுப் பூனை என்பதால் குளிருக்கு மூட்டு வலி கண்டிருக்கும் என்று நானும் அம்மாவும் நாங்களாகவே முடிவு செய்துகொண்டு, அவள் படுக்கும் இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டதோடு இரண்டு நாட்களை ஓட்டிவிட்டோம். மூன்றாம் நாள் இரவு அவள் அந்தப் பாதத்தை விடாமல் நக்கிக்கொண்டே இருப்பதைக் கண்டு, மடியில் கிடத்தி, விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பாதத்தின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் சற்று மேலே ஒதுங்கியிருக்கும் கட்டைவிரலின் நகம் வட்டமாக வளைந்து, தன் நுனியாலேயே அந்த விரலடிச் சதையைத் துளைத்து உள்ளே போயிருந்தது. வெந்தய நிறத்தில் தடித்து, ஆட்டுக்கொம்பு போல வரி வரியாக இருந்தது அந்த நகம். அது நுழைந்த இடத்தைச் சுற்றி முடி ஈரமாக ஒட்டிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தபோது சீழ் வாடை அடித்தது.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் அதை வெட்டி எடுத்து, புண்ணைக் கழுவி, ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்தார். “கட்டைவிரல் நகத்தை மட்டும் யாரும் பார்க்கிறதே இல்லைங்க” என்றார் அவர். குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் பதினான்கு ஆண்டுகளாக நம் வீட்டில் நம் கையால் சாப்பிட்டு வளர்ந்த ஓர் உயிரின் கால்விரலை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்ற எண்ணம் வீடு திரும்பும் வழியெல்லாம் என்னை விட்டு நீங்கவில்லை. பூனை தன் நகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இளம் பூனையைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. வயதான பூனைக்கும், வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் அது பொருந்தாது.

நகம் எப்படி வளர்கிறது என்பதை அறிந்துகொண்டால் இது எளிதாக விளங்கும். பூனையின் நகம் வெங்காயம் போல அடுக்கடுக்காக வளரக்கூடியது. பூனை எதையாவது பிறாண்டும்போது, தேய்ந்துபோன மேலடுக்கு உறை போலக் கழன்று விழுகிறது. அதனடியில் புதிய கூர் நுனி தயாராக இருக்கிறது. பூனை பிறாண்டும் இடத்துக்குக் கீழே பெருக்கினால், உள்ளீடற்ற சிறு பிறை வடிவத் துண்டுகள் கிடைப்பது இதனால்தான். முதல்முறை பார்ப்பவர்கள் நகமே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பதறிவிடுவார்கள். அது வெறும் உறைதான். வயதாகி மூட்டு வலி வந்த பூனை முன்போல் உடலை நீட்டிப் பிறாண்டுவதில்லை. அதனால் உறை கழலாமல் அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து நகம் தடித்துவிடுகிறது. மற்ற நகங்களாவது நடையிலும் குதிப்பிலும் எங்கேனும் உரசித் தேயும். கட்டைவிரல் நகத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

முன்பாதம் ஒவ்வொன்றிலும் 5, பின்பாதம் ஒவ்வொன்றிலும் 4 என்று ஒரு பூனைக்குப் பொதுவாக 18 நகங்கள் இருக்கும். பிறவியிலேயே கூடுதல் விரல்கள் கொண்ட பூனைகளும் உண்டு. அப்படிப்பட்ட பூனையை வளர்ப்பவர்கள் எண்ணிப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் அந்தக் கூடுதல் விரல்களின் நகங்களும் பல நேரங்களில் தேயாமலே வளரும்.

எங்களுக்கு இரண்டாவதாக முத்து என்ற ஆண் பூனையும் உண்டு. அவனுக்கு வயது 2. திருவரங்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். பால்கனிக்கு வலை அடித்திருப்பதால் இரண்டு பூனைகளும் வெளியே போவதில்லை. அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை நோய் உள்ளவர். கை கால்களில் தோல் மிகவும் மெலிந்துவிட்டது. முத்து அவர் மடியில்தான் உறங்குவான். காலிங் பெல் அடித்தால் திடுக்கிட்டுக் குதிப்பான். குதிக்கும்போது பின்கால்களை ஊன்றித்தான் எம்புவான். அந்தக் கீறல்கள் அம்மாவுக்கு ஆற வாரக்கணக்கில் ஆகும். பூனை கீறியது என்றால் எல்லோரும் முன்கால்களைத்தான் நினைக்கிறார்கள், ஆனால் மடியிலிருந்து குதிக்கும் பூனையால் ஏற்படும் கீறல் பெரும்பாலும் பின்கால் நகத்தால்தான் ஏற்படுகிறது. எனவே சுந்தரியின் விரல் ஆறியதும், இருவருக்கும் வீட்டிலேயே நகம் வெட்டுவது என்று தீர்மானித்தேன்.

முதல் முயற்சி மிகவும் தவறாகப் போயிற்று. அதை மறைக்காமல் எழுதுவது மற்றவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். 18 நகங்களையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில், முத்துவைத் தேங்காய்ப்பூத் துண்டில் இறுக்கிச் சுற்றி, அம்மாவைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நான் அவசர அவசரமாக வெட்டினேன். நான்காவது நகத்தில் அவன் காலை இழுக்க, வெட்டு ஆழமாக விழுந்து இரத்தம் வந்துவிட்டது. பயத்தில் துண்டிலேயே சிறுநீர் கழித்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் போய் மாலை வரை வெளியே வரவில்லை. அதன்பின் ஒரு வாரத்துக்கு, நகவெட்டி இருக்கும் மேசை இழுப்பறையை நான் திறக்கும் ஓசை கேட்டாலே ஓடி ஒளிந்தான். அவனுக்கு வலித்ததை விடவும், என் கையைக் கண்டு அவன் அஞ்சியதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் இந்த வேலையைப் பற்றிய என் எண்ணம் முற்றிலும் மாறியது. வெட்டுவதற்கு ஒரு நொடி போதும். பாதத்தை ஒருவர் பிடிப்பதைப் பூனை இயல்பாக ஏற்றுக்கொள்ள வைப்பதற்குத்தான் நாட்களும் வாரங்களும் தேவைப்படுகின்றன. நகவெட்டியைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டு, மூன்று வாரங்கள் வெறும் பாதத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்து அரைத்தூக்கத்தில் கிடக்கும்போது, தோளிலிருந்து தடவிக்கொண்டே வந்து பாதத்தில் ஒரு கணம் கை வைத்து எடுத்துவிடுவேன். உடனே, உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று கொடுப்பேன். சில நாட்களில் பாதத்தைப் பிடித்து வைத்திருக்கவும், பிறகு ஒரு விரலை மட்டும் அழுத்தவும் விட்டான். பூனை ஓய்வாக இருக்கும்போது அதன் நகத்தை மீள்தன்மையுள்ள இழைகள் உள்ளிழுத்து வைத்திருக்கின்றன. வேண்டும்போது தசைநாரை இழுத்துத்தான் அது நகத்தை வெளியே நீட்டுகிறது. விரலுக்கு மேலே நம் கட்டைவிரலையும் அடியில் ஆள்காட்டி விரலையும் வைத்து, பட்டாணியை நசுக்காமல் பிடிப்பது போல மென்மையாக அழுத்தினாலே நகம் தானாக வெளியே வந்துவிடும். பலம் எதுவும் வேண்டியதில்லை. பலம் வேண்டியிருக்கிறது என்று தோன்றினால், பூனை காலை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அப்போது விட்டுவிட வேண்டும்.

நகவெட்டியின் ஓசைக்கு அவனைப் பழக்க எனக்குத் தென்னை ஈர்க்கு கைகொடுத்தது. புதுத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, முத்துவுக்கு முன்னால் உட்கார்ந்து, டக், டக் என்று சிறு துண்டுகளாக வெட்டுவேன். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு கோழித் துணுக்கு. முதல் நாள் காதைத் திருப்பிக்கொண்டு பின்வாங்கியவன், ஐந்தாம் நாள் ஓசை கேட்டதும் தானே ஓடி வந்து எதிரில் உட்கார்ந்தான். எனக்கும் அதில் பயன் இருந்தது: எந்த அளவு அழுத்தினால் ஒரே வெட்டில் சுத்தமாகத் துண்டாகும் என்பது கைக்குப் பழகிவிட்டது. தயங்கித் தயங்கி அழுத்தும்போதுதான் நகம் நசுங்கிப் பிளக்கிறது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செல்லப்பிராணிக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், முனையில் அரைவட்டப் பள்ளம் உள்ள சிறு கத்தரிக்கோல் வடிவ நகவெட்டி போதுமானது. நமக்கு வைத்திருக்கும் தட்டையான நகவெட்டியைக் குட்டிகளின் மெல்லிய நகத்துக்குப் பயன்படுத்தலாம். வளர்ந்த பூனையின் உருண்டையான நகத்தை அது நசுக்கிவிடும். கூர் மழுங்கியதும் மாற்றிவிட வேண்டும் என்பது மட்டுமே முக்கியம்.

கருவியைவிட வெளிச்சத்துக்குத்தான் நான் அதிகக் கவனம் கொடுக்கிறேன். பூனையின் நகம் பெரும்பாலும் கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடிப்பகுதியில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு முக்கோணம் தெரியும். இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிருள்ள சதை அது. அதற்கு முன்னால் உள்ள வெண்மையான, கொக்கி போல் வளையும் நுனியை மட்டுமே வெட்ட வேண்டும். சிவப்பு முடியும் இடத்திலிருந்து குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட்டு வெட்டுவதை நான் விதியாக வைத்திருக்கிறேன். ஐயம் வந்தால் இன்னும் குறைவாக வெட்டலாம்; கூர்முனை போய்விட்டாலே கீறல் பெரும்பாலும் நின்றுவிடும். சில பூனைகளுக்குச் சில நகங்கள் கருமையாக இருக்கும். அவற்றுக்குக் கைப்பேசி விளக்கை நகத்தின் பின்னாலிருந்து அடித்துப் பார்க்கலாம். அப்போதும் தெரியவில்லை என்றால் முனையில் ஒரு மயிரிழை அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அம்மா இதில் இரண்டு கட்டுப்பாடுகளை விதித்திருக்கிறார். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா நகம் வெட்டாதே” என்பது ஒன்று. விளக்கு வைத்த பிறகு வெட்டக் கூடாது என்பது மற்றொன்று. பூனைக்குமா என்று கேட்டேன். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும்தான் என்று சொல்லிவிட்டார். இரண்டாவதை நான் முழு மனத்துடன் ஏற்றுக்கொள்கிறேன். அந்தி வெளிச்சத்தில் அந்த இளஞ்சிவப்பு முக்கோணம் உண்மையாகவே கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறையால் பூனைகளுக்கும் நட்டமில்லை.

இப்போது நாங்கள் கடைப்பிடிப்பது ஒரு நாளைக்கு இரண்டு நகங்கள் என்ற கணக்கு. 18 நகங்களுக்கு 9 நாட்கள். நடுவில் வரும் வெள்ளிக்கிழமையையும் சேர்த்தால் பத்துப் பதினொரு நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதன்பின் ஒரு வாரம் இடைவெளி விட்டு மறுசுற்று. இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதற்கு இது சரியாகப் பொருந்திவிடுகிறது. முத்துவை என் வயிற்றில் அவன் முதுகு சாய்ந்திருக்கும்படி, அவன் முகம் வெளிப்பக்கம் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொள்வேன். பிடரியைப் பிடித்துத் தூக்குவதோ அமுக்குவதோ கூடாது; தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதை வைத்து வளர்ந்த பூனையையும் அப்படிப் பிடிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள், அது பூனையை அச்சத்தில் உறைய வைக்கிறதே தவிர அமைதிப்படுத்துவதில்லை. இரண்டு நகம் முடிந்தால் கோழித் துணுக்கு, பிறகு விடுதலை. வால் நுனி சொடுக்கத் தொடங்கினாலோ, காது பின்னால் மடங்கினாலோ, முதுகுத் தோல் அலை போலச் சிலிர்த்தாலோ ஒரு நகத்தோடு நிறுத்திவிடுவேன். சில நாட்கள் ஒன்றுகூட இல்லாமல், பாதத்தை மட்டும் பிடித்துவிட்டு விட்டிருக்கிறேன். எதையும் முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அவனும் அஞ்சுவதில்லை, நானும் பதறுவதில்லை.

சுந்தரிக்கு முறை வேறு. மூட்டு வலி உள்ள பூனையின் காலை வெளிப்பக்கமாக விரித்தோ உயரத் தூக்கியோ பிடித்தால், நகம் வெட்டும் முன்பே அவளுக்கு வலித்துவிடும். அவள் சாக்கின்மேல் பக்கவாட்டில் படுத்திருக்கும்போது நானே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாதத்தைத் தரையிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் உயர்த்தாமல் வெட்டுகிறேன். தடித்துப்போன நகங்களில் சில நேரம் வெட்டியதும் மேலுறை முழுவதுமாகக் கழன்று வந்து, அடியில் மெல்லிய நகம் பளிச்சென்று தெரியும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கட்டைவிரல் நகங்கள் இரண்டையும் வெட்டும் நாளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுகிறேன்.

தப்பித்தவறி சதையில் பட்டு இரத்தம் வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேட முடியாது. கார்ன்ஃப்ளோர் எனப்படும் மக்காச்சோள மாவைச் சிறு கிண்ணத்தில் எப்போதும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நக நுனியை அதில் அமிழ்த்தி, சுத்தமான பருத்தித் துணியால் சில நிமிடங்கள் மெல்ல அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். முத்துவுக்கும் அப்படித்தான் நின்றது. பத்து நிமிடத்துக்குப் பிறகும் கசிந்துகொண்டிருந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். சவரக் கடைகளில் வைத்திருக்கும் படிகாரம் இரத்தத்தை நிறுத்தும் என்பது உண்மைதான்; ஆயினும் பூனை உடனே பாதத்தை நக்கும் என்பதால் நான் மாவோடு நின்றுகொள்கிறேன். நம் வீடுகளில் காயம் என்றதும் கை தானாகப் போகும், டெட்டால் போன்ற பீனால் வகைக் கிருமிநாசினிகளைப் பூனைக்குக் கட்டாயம் பயன்படுத்தக் கூடாது. அவற்றிலுள்ள வேதிப்பொருட்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு; பாதத்தில் தடவியது நாக்கு வழியாக உள்ளே போய் நஞ்சாகிவிடும்.

நமக்குக் கீறல் பட்டாலும் அசட்டையாக இருக்கக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இரத்தம் வராத சிறு கீறலாக இருந்தாலும், தடுப்பூசி போடாத பூனை அல்லது தெருப்பூனை என்றால் அன்றே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி குறித்துக் கேட்டுவிட வேண்டும். நாய்க்குத்தான் அந்த நோய் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனை வழியாகவும் அது பரவும். எங்கள் பூனைகள் இரண்டுக்கும் ஆண்டுதோறும் ஊசி போட்டுவிடுகிறோம். தெள்ளுப்பூச்சியையும் கட்டுப்படுத்துவது அவசியம். அதன் கழிவு நகத்தில் ஒட்டியிருந்து, கீறலின் வழியாக நமக்குக் காய்ச்சலையும் நெறிகட்டலையும் உண்டாக்கும் ஒரு கிருமி பரவக்கூடும். அம்மாவைப் போல நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

வீட்டுக்கு வரும் உறவினர்கள் கேட்பது இன்னொன்று: இத்தனை பாடு எதற்கு, நகத்தையே எடுத்துவிட முடியாதா என்று. பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்தே வளர்கிறது. நகத்தை எடுப்பது என்றால் ஒவ்வொரு விரலிலும் அந்த எலும்பைத் துண்டிப்பது. நம் விரல்களைக் கடைசிக் கணுவில் வெட்டி எறிவதற்கு ஒப்பானது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அது சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது; அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019-இல் தடை செய்தது. சோபா கிழிகிறது என்பதற்காக ஓர் உயிரின் விரல்களைத் துண்டிக்க நினைப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது. நகம் வெட்டினாலும் பூனை பிறாண்டத்தான் செய்யும், ஏனெனில் தோளையும் முதுகையும் நீட்டி முறுக்கெடுப்பதும், பாதத்திலுள்ள சுரப்பிகளின் வாடையை விட்டுச் செல்வதும் அதற்கு இயல்பான தேவைகள். அதற்கென்று ஓர் இடம் கொடுத்துவிட்டால் போதும். மூன்றடி உயரக் கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, ஆடாதபடி கனமான பலகையில் அறைந்து, சோபாவுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முத்து இரண்டே நாளில் அதற்கு மாறிவிட்டான். கட்டை, பூனை முழு நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கும் உயரம் இருக்க வேண்டும். சரியும் கட்டையைப் பூனை மறுமுறை தொடாது.

வெளியே சென்று வரும் பூனைகளுக்கு நகம் வெட்ட வேண்டாம் என்பதையும் இங்கே வலியுறுத்திச் சொல்ல வேண்டும். தெருவில் நாய் துரத்தினால் முருங்கை மரத்திலோ மதிலிலோ ஏறித் தப்புவதற்கு அந்தக் கூர்முனை ஒன்றுதான் அதற்குத் துணை. எங்கள் கீழ்வீட்டுக்காரர்கள் சோறு வைக்கும் கருப்பியின் நகத்தையும் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள்; காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டேன். அவளுடைய கட்டைவிரல்களை மட்டும் பார்த்தேன். நன்றாகவே தேய்ந்திருந்தன.

இன்று காலை சுந்தரியின் வலது கட்டைவிரல் முறை. அந்த விரலடியில், நகம் துளைத்த இடம் இப்போது கடுகளவு வெளிர்ப் புள்ளியாக ஆறியிருக்கிறது. பாதத்தைத் தொட்டபோது கண்ணைத் திறந்து பார்த்தாள், மறுபடியும் மூடிக்கொண்டாள். விழுந்த நகத்துண்டு தரையில் கிடக்கக் கூடாது என்று அம்மா அதைத் தேடி எடுத்துக் காகிதத்தில் மடித்தார். பிறகு தினசரிக் காலண்டரின் இன்றைய தாளில், “சுந்தரி, வலது கட்டைவிரல், ஒன்று” என்று பென்சிலால் எழுதி வைத்தார்.